வீழ்ந்தவர் எழுந்த வருஷம்

ஜெர்மனியின் தென்மேற்கே, பிரெஞ்சு எல்லைக்குச் சமீபத்தில், காடுகள் சூழ்ந்த பலாட்டினேட் பிரதேசத்தில் கைசர்ஸ்லாட்டர்ன் என்னும் நகரம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு லக்ஷம் பேரே வசிக்கும் அவ்வூரை வெளியுலகம் பாஃப் தையல் இயந்திரத்தாலும், அருகே ராம்ஸ்டைனிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தாலும் அறிந்திருந்தது. ஜெர்மானியருக்கோ அதன் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது, ரயில் நிலையத்துக்கு எதிரே எழும் பெட்ஸன்பெர்க் குன்றும், அதன்மேல் ஊரையே காவல் காப்பதுபோல் நிற்கும் கால்பந்து மைதானமுமே. ஆட்ட நாளில் ஜனங்கள் சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கிழவரும் சிறுவருமாக அந்தச் செங்குத்தான பாதையில் ஏறிச்செல்வது பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம்.

அம்மைதானம் ஃபிரிட்ஸ் வால்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1954-இல் பெர்ன் நகரில் ஜெர்மனி முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றபோது அணியின் தலைவர் அவரே. அன்று களத்தில் இறங்கிய பதினொருவரில் அவரும் அவருடைய தம்பி ஓட்மாரும் உட்பட ஐவர் இந்தச் சிற்றூர்க் கழகத்தவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அயல்நாட்டுக் கழகம் பெருந்தொகை தருவதாக அழைத்தும் போகாமல், ஆயுள் முழுவதும் ஒரே கழகத்துக்கு ஆடிய அவருடைய விசுவாசத்தை ஊர் மறக்கவில்லை. 1985-இல் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டி, உயிரோடிருக்கும்போதே அவரைக் கௌரவித்தது.

1963-இல் புண்டஸ்லீகா என்னும் முதல் பிரிவு தோன்றிய நாளிலிருந்து அதில் இடையறாது ஆடிவந்த இக்கழகம், 1996-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி முதன்முறையாகக் கீழே இறங்கியது. அந்தப் பருவத்தின் 34 ஆட்டங்களில் ஆறில்தான் வென்றிருந்தது. பதினெட்டை வெற்றி தோல்வியின்றிச் சமனாக முடித்திருந்தது. கடைசி நாளன்று லெவர்குசென் நகரில், தம்மைப்போலவே தத்தளித்துக்கொண்டிருந்த உள்ளூர் அணியோடு ஆடி, முன்னிலை பெற்றும் அதைக் காக்க முடியாமல் 1-1 என்று சமன் செய்தபோது, எதிரணி தப்பியது, கைசர்ஸ்லாட்டர்ன் வீழ்ந்தது. 1990 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு வெற்றிக் கோலை அடித்த ஆண்ட்ரியாஸ் பிரேமே, தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னிலையில், எதிரணியில் ஆடிய பழைய தோழர் ரூடி ஃபோலரின் தோளில் முகம் புதைத்து, குழந்தையைப்போல் தேம்பி அழுதார். ஒரு வாரம் கழித்து அதே அணி பெர்லினில் கார்ல்ஸ்ரூஹேயை 1-0 என்று வென்று ஜெர்மன் கோப்பையைக் கைப்பற்றியது. துக்கமும் பெருமையும் இப்படி ஒரே வாரத்தில் ஓர் ஊருக்கு வாய்ப்பது அபூர்வம்.

இந்தச் சந்தர்ப்பத்தில் வந்து சேர்ந்தவர்தான் ஓட்டோ ரேஹாகெல். பிரேமன் நகரின் கழகத்தைப் பதினான்கு வருஷம் பயிற்றுவித்துப் புகழ் எய்திய அவரை, மியூனிக் நகரின் செல்வச் செழிப்புள்ள பயர்ன் கழகம் அழைத்து, ஒரு பருவம் முடியுமுன்பே, 1996 ஏப்ரலில், நீக்கிவிட்டது. தாம் இளமையில் ஆட்டக்காரராக இருந்த கைசர்ஸ்லாட்டர்னுக்கே அவர் திரும்பினார். கீழிறங்கிய கழகத்தை விட்டு வீரர்கள் சிதறிப்போவதே சாதாரண நடைமுறை. இங்கோ பிரேமே, மார்ட்டின் வாக்னர், ஓலாஃப் மார்ஷால் முதலிய முக்கியஸ்தர்கள் தங்கிவிட்டார்கள். அவர்களை ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு ரேஹாகெல் இரண்டாம் பிரிவில் ஒரு வருஷம் ஆடி, அதன் முதலிடத்தோடு மேலேறினார். பின்னால் நிகழ்ந்ததைப் பலர் அற்புதம் என்று வர்ணித்தார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அழுதவர்கள் அழுத இடத்திலேயே நின்று வெற்றி பெறப் பழகிய அந்த ஒரு வருஷமே மறு வருஷத்தின் மூலதனம் என்பது என் துணிபு.

1997 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, விதியே எழுதி வைத்தாற்போல, புதிய பருவத்தின் முதல் ஆட்டம் மியூனிக்கில், ரேஹாகெலை நீக்கிய பயர்னோடே அமைந்தது. எண்பதாவது நிமிஷத்தில், இத்தாலியிலிருந்து அவ்வருஷம் திரும்பி வந்திருந்த சிரியாக்கோ ஸ்ஃபோர்சா உதைத்தனுப்பிய பந்தை, டென்மார்க் தேசத்தவரான மைக்கேல் ஷ்யோன்பெர்க் தலையால் முட்டிக் கோலாக்கினார், 1-0. நான்காவது சுற்றில் பட்டியலின் தலைக்கு வந்த அணி, பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. டிசம்பரில் பயர்ன் குன்றின்மேல் வந்து ஆடியபோதும் 2-0 என்று தோற்றே திரும்பியது. செம்னிட்ஸிலிருந்து வந்த மைக்கேல் பல்லாக் என்ற இளைஞர், பின்னாளில் தேசமறிந்த வீரரானவர், அப்போது அவ்வப்போதே களமிறங்கினார். பாரம் சுமந்தவர் கிழக்கு ஜெர்மனியில் ஆடி வளர்ந்த மார்ஷால். அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 21 கோல்கள்.

1998 மே 2-ஆம் தேதி, இன்னும் ஓர் ஆட்டம் எஞ்சியிருக்க, தம்மோடு கூடவே இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த வோல்ஃப்ஸ்பர்கைச் சொந்த மைதானத்தில் 4-0 என்று வீழ்த்தினார்கள். அதே நேரத்தில் டுயிஸ்பர்க்கில் பயர்ன் கோலின்றிச் சமன் செய்ய, பட்டம் முடிவாயிற்று. 19 வெற்றி, 11 சமன், 4 தோல்வி, 68 புள்ளி; பயர்னுக்கு 66. முப்பத்தேழு வயதை எட்டியிருந்த பிரேமே, லெவர்குசென்னில் கண்ணீர் சிந்தி இரண்டே வருஷத்தில், சாம்பியன் கேடயத்தை ஏந்தி ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். ஃபிரிட்ஸ் வால்டர் அதைக் காண உயிரோடிருந்தார், 2002-இல் காலமானார்.

அதன்பின் கழகம் வேறு பாதையில் சென்றது. 2006 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் பெருக்கக் கடன் ஏறி, 2003-இல் மைதானத்தையே விற்க நேர்ந்தது. உலகக் கோப்பை நடந்த அதே 2006-இல் இரண்டாம் பிரிவுக்கும், 2018-இல் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கி, 2022-இல்தான் ஒரு படி மீண்டது. ஆயினும் புண்டஸ்லீகா தோன்றிய நாள்முதல், மேலேறி வந்த வருஷத்திலேயே பட்டம் வென்ற கழகம் கைசர்ஸ்லாட்டர்ன் ஒன்றே. வேறெந்தக் கழகமும் அதைச் செய்ததில்லை.