முத்திரைக்குள் ஒரு சொல்

அரிசிப் பையின்மேல் அச்சிட்டிருக்கும் ‘ஆர்கானிக்’, ‘நேச்சுரல்’, ‘இயற்கை’ ஆகிய சொற்களை நாம் ஒரே பொருள் தருவனவாகவே வாசித்துப் பழகிவிட்டோம். இவற்றுள் முதற்சொல்லின் வரலாறு தனியானது. அதன் தொடக்கத்தில் இந்திய உழவர்கள் இருக்கிறார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

1905ல் இன்றைய பிகாரில் உள்ள பூசா ஆய்வுநிலையத்துக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், இங்குள்ள உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் பேராசிரியர்களாகக் கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். பயிர்க்கழிவையும் சாணத்தையும் மட்கவைத்து மண்ணுக்கே திருப்பித் தரும் முறையை அவர் இந்தூரில் வகுத்தார். 1940ல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு இத்தகைய வேளாண்மைக்கு ‘ஆர்கானிக்’ என்ற அடைமொழியைத் தந்தார். மண், பயிர், கால்நடை, மனிதர் யாவும் உறுப்புகளாக இயைந்த ஓர் உயிருடலே பண்ணை என்பது அவர் கருத்து.

விளைவித்தவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறியாத பெருஞ்சந்தையில் இச்சொல்லுக்குச் சாட்சி தேவைப்பட்டது. அமெரிக்கா 1990ல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 1997ல் வெளியான வரைவு விதிகளோ மரபணு மாற்றத்துக்கும் கதிர்வீச்சுக்கும் சாக்கடைக் கசடுக்கும் இடம்விட்டிருந்தன. மக்களிடமிருந்து 2,75,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன; மூன்றும் விலக்கப்பட்டன. ஒரு சொல்லின் பொருளுக்காக மக்கள் அரசோடு வாதிட்டு வென்ற அரிய நிகழ்வு இது. 2002 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அவ்விதிகளின்படி, உப்பும் நீரும் நீங்கலாக 95 விழுக்காடு மூலப்பொருள்களேனும் சான்று பெற்றிருந்தால்தான் முத்திரை கிட்டும். அம்முத்திரை விளைந்த முறைக்குச் சான்றேயன்றி, சத்துக்கோ சுவைக்கோ சான்றன்று.

‘நேச்சுரல்’ என்பதற்கு இத்தகைய வரலாறு இல்லை. செயற்கையாக எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியைப் பற்றி அச்சொல் வாய்திறப்பதில்லை.

தமிழிலோ சிக்கல் இன்னும் கூடுதல். அரசு ஆவணங்கள் ‘அங்ககம்’ என்கின்றன. சந்தை இரண்டையும் ‘இயற்கை’ என்றே விற்கிறது. உறுப்புகள் இயைந்த உடல் என்னும் பழைய கருத்து ‘அங்கக’த்தில்தான் எஞ்சியிருக்கிறது, ஆனால் அச்சொல் அலுவலகத்தைத் தாண்டி நம் நாவுக்கு வரவில்லை.

இந்தியாவில் 2017ல் வந்த விதிகள், தம் விளைச்சலை உண்பவரிடம் நேரடியாக விற்கும் உழவருக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. முகம் அறிந்த இடத்தில் முத்திரை வேண்டியதில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டதாக நாம் இதனைக் கொள்ளலாம். பையின்மேல் உள்ள சொல்லை வாசிக்கும்போதெல்லாம், அது எந்த உறவின் இடத்தை நிரப்ப வந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.