அதுக்கு என்ன தெரியும்?

பேத்திக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடையில் ஊசி இறங்கியதும் குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்தாள். முகம் சிவந்து, அப்புறம்தான் வீறிட்டாள். மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. "விடும்மா, பச்சப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்? ரெண்டு நிமிஷத்துல மறந்துடும்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் நான் சொன்னது எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. இதையேதான் ஒரு காலத்தில் மருத்துவமும் சொல்லிக்கொண்டிருந்தது.

1941-ல் அமெரிக்க உளவியலாளர் மர்டில் மக்ரா, சிசுக்களை ஊசியால் குத்திப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள் சிலவற்றிடம் எதிர்வினை மிகக் குறைவு. மூளையின் மேற்புறணி இன்னும் முதிரவில்லை என்பது விளக்கம். நரம்புகளின் மேலுறை முழுமையடையவில்லை என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. அழுகை வெறும் அனிச்சைச் செயல் என்றாயிற்று. மயக்கமருந்து சிசுவின் உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அந்த நாளில் அது நியாயமான பயம்தான். விளைவு, எத்தனையோ குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். வலித்தாலும் அழ முடியாது.

1985-ல் அமெரிக்காவில் ஜில் லாசன் என்ற தாயின் குறைமாத மகனுக்கு இப்படித்தான் இதய அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. நடந்தது என்னவென்று பிறகு தெரிந்துகொண்ட அவர் சும்மா இருக்கவில்லை. எழுதினார், கேட்டார், ஊரறியச் செய்தார்.

அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு இந்தியர். இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த். அறுவை அரங்கிலிருந்து திரும்பிய சிசுக்கள் வெளிறிப்போய், நாடி படபடக்கக் கிடந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்த ஹார்மோன்கள் குறைந்தன, சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் 'லான்செட்' அதை வெளியிட்டது. சிசுக்களுக்கும் மயக்கமருந்து தரவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

சரி, "மறந்துடும்" என்றேனே? அதற்கும் பதில் இருக்கிறது. கனடாவின் அன்னா டாடியோ குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு: பிறந்தவுடன் மரத்துப்போகும் களிம்பு இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், 4 அல்லது 6 மாதத்துத் தடுப்பூசியின்போது, செய்யப்படாத குழந்தைகளைவிட அதிகமாக வலியை வெளிக்காட்டினார்கள். களிம்பு தடவப்பட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில். மனம் மறந்திருக்கலாம், உடம்பு மறக்கவில்லை.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலிக்கென்றே பரிந்துரைகள் தந்தது. குழந்தை தாயின் கையில் இருக்கட்டும். ஊசியின்போதோ சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம். அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடுங்கள். காசு செலவே இல்லாத வைத்தியம்.

பத்தாவது வாரம் மறுபடி போனோம். "பால் குடுத்துக்கிட்டே போட்டுக்கலாமா சிஸ்டர்?" என்று நானே கேட்டேன். "தாராளமா" என்றார். ஊசி இறங்கியதும் பேத்தி வாயை விட்டாள், ஒருமுறை வீறிட்டாள், மறுபடி பாலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். வலிக்காமல் இல்லை. ஆனால் இந்தமுறை அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை.