சிறு விமானங்களும் பதினெட்டாண்டு எல்லையும்

குறைபாடுள்ள பொருளை உற்பத்தி செய்தவர், கவலையீனம் நிரூபிக்கப்படாவிடினும், நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என 1963இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வழக்குக்குரிய பொருள் ஒரு மரவேலைக் கருவியே. எனினும் அக்கோட்பாட்டின் சுமை பின்னர் சிறு விமான உற்பத்தியாளரைப் பெரிதும் அழுத்தியது. சிறு விமானம் முப்பது, நாற்பது ஆண்டுகள் பறக்கும். பல கைகள் மாறும். விபத்து நேரின் வழக்கோ அதனைச் செய்தவரையே நாடும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் ஏறத்தாழ 18,000 ஆக இருந்த இவ்வகை விமானங்களின் ஆண்டு உற்பத்தி, 1994இல் ஆயிரத்திலும் குறைந்தது. செஸ்னா 1986இல் சிறு விமான உற்பத்தியை நிறுத்தியது. பைப்பர் 1991இல் வங்குரோத்து அடைந்தது. உற்பத்தியாளர் பழி முழுவதையும் வழக்குகள்மீது சுமத்தினர். இது மிகை. உயர்ந்த வட்டி வீதத்தையும், சந்தையில் மலிந்திருந்த பழைய விமானங்களையும் அவர்கள் அதிகம் பேசவில்லை.

1994 ஆகஸ்ட் 17இல் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம், இருபதுக்குக் குறைந்த இருக்கைகள் கொண்ட, அட்டவணைப்படியான பயணிகள் சேவையில் ஈடுபடாத விமானம் முதற் கொள்வனவாளரிடம் கையளிக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கடந்தபின், உற்பத்தியாளர்மீது வழக்கிடுவதைத் தடுத்தது. புதிதாகப் பொருத்தப்பட்ட பாகத்துக்குக் கணக்கு மீண்டும் தொடங்கும். பாதுகாப்புத் தகவலை அரச அதிகாரசபையிடம் மறைத்தவருக்கு இக்கேடயம் கிட்டாது. செஸ்னா உற்பத்திக்குத் திரும்பியது. 1978இன் தொகையோ திரும்பவில்லை.

பதினேழாம் ஆண்டில் விழுந்த விமானத்தில் இறந்தவரின் குடும்பம் உற்பத்தியாளரை மன்றுக்கு அழைக்கலாம். அதே குறைபாட்டினாற் பத்தொன்பதாம் ஆண்டில் இறந்தவரின் குடும்பத்துக்கு, பெரும்பாலும், பராமரித்தவரும் விமானி விட்டுச்சென்ற ஆதனமுமே எஞ்சும்.