சோறு போட்ட பாத்திக்

ஜன்னலுக்கு வெளியே ஈஸ்ட் பிரன்ஸ்விக் முழுக்கப் பனி. பனியை வரைஞ்சே பேர் வாங்கின ஸ்வீடன் ஓவியர் குஸ்தாஃப் ஃப்யேஸ்டாட் (1868-1948) மர நாற்காலியும் வடிவமைச்சாராம். படிச்சதும் நம்ம கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977) ஞாபகம் வந்துட்டார்.

சென்னை ஓவியப் பள்ளி முதல்வரா இருந்தவர். படிச்சு முடிச்ச பசங்க பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைக்கிறது அவருக்குப் பொறுக்கலை. ஓவியம் விக்கலையா, கைவினை விக்கட்டும்! மெழுகு பூசி, சாயம் தோய்ச்சு பாத்திக் துணி செஞ்சு வித்தாங்க. அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. வயித்துக்குக் கைவினை, ஓவியம் யாருக்கும் வளையாம நின்னது.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?"ன்னு எங்க வீட்ல கேட்டப்போ இந்தக் கதை எனக்குத் தெரியாது. கலர் பெட்டியை மூடிட்டு எம்.எஸ். படிக்க வந்துட்டேன். உங்க வீட்டுப் பிள்ளைக்காவது சொல்லி வைங்க மக்களே.