ஐரோப்பாவின் நீலச்சிறகு ஊசித்தட்டான்: ஒரு பெயரின் கதை

தட்டான்பூச்சி எல்லோருக்கும் தெரியும். அதன் ஒல்லியான தம்பிதான் ஊசித்தட்டான். உட்காரும்போது பெரும்பாலும் சிறகை முதுகுக்கு மேல் மடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் ஓடைகளில் இந்தக் கூட்டத்தில் ஒரு அலங்காரக்காரன் உண்டு. உடம்பு உலோகம் போல மின்னும், சிறகிலும் கருநீலம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'தெமுவாசெல்', அதாவது இளம்பெண். (இத்தனைக்கும் நீலச் சிறகு ஆணுக்குத்தான்!)

உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1758-ல் ஐரோப்பாவின் ஊசித்தட்டான்களுக்கு இரண்டே பெயர்கள்தான் கொடுத்தார். ஒன்று 'விர்கோ', அதாவது கன்னி. மற்றது 'புவெல்லா', அதாவது சிறுமி. நிறச்சிறகு கொண்டதெல்லாம் கன்னிக்குள் அடங்கிவிட்டது. நிற வேறுபாடுகளை அவர் வெறும் உள்வகைகளாகவே எழுதிவைத்தார்.

அந்தக் கன்னிக்குள் இரண்டு இனங்கள் இருந்தன. இரண்டாவதற்குத் தனிப்பெயர் தந்தவர் பேராசிரியர் அல்ல, இங்கிலாந்தின் மோசஸ் ஹாரிஸ் என்ற செதுக்கோவியர். பூச்சிகளைத் தானே வரைந்து, தானே செப்புத்தகட்டில் செதுக்கியவர். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலிருந்து மற்ற நிறங்கள் பிறப்பதைக் காட்டும் வண்ணச்சக்கரத்தை வெளியிட்டவரும் இவரே. நிறத்தோடு வாழ்ந்த கண் அல்லவா! 'ஸ்ப்ளெண்டென்ஸ்' (ஒளிர்வது) என்ற அவருடைய பெயர் இன்றும் நிற்கிறது. பட்டியல்களில் பக்கத்தில் 'ஹாரிஸ், 1780' என்று இருக்கும். 1815-ல் லீச் இவற்றுக்கு 'கலோப்டெரிக்ஸ்' என்ற பேரினப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அழகிய சிறகு என்று பொருள்.

அடையாளம் காண்பது ஆணில் சுலபம். விர்கோவின் சிறகு கிட்டத்தட்ட முழுவதும் கருநீலம். ஸ்ப்ளெண்டென்ஸின் சிறகில் நடுவே ஒரு நீலப்பட்டை, நுனி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பெண்ணில்தான் சிக்கல்: இரண்டுக்கும் நீலம் கிடையாது, இரண்டுக்கும் சிறகு நுனியருகே வெள்ளைப்புள்ளி உண்டு. சிறகு பழுப்பாக இருந்தால் விர்கோ, இளம்பச்சைச் சாயலில் இருந்தால் ஸ்ப்ளெண்டென்ஸ். தெற்கு ஐரோப்பாவில் இன்னும் இரண்டு உறவினர்கள் இருப்பதால் அங்கே குழப்பம் அதிகம்.

சரி, பிரித்து என்ன பயன்? தண்ணீரைப் பார்த்தால் புரியும். ஸ்ப்ளெண்டென்ஸ் சமவெளியில் மெதுவாக ஓடும், சேறு படிந்த, வெயில் விழும் ஆற்றிலும் வாழும். விர்கோவுக்கு அது போதாது. மணலும் கூழாங்கல்லும் கொண்ட, வேகமாக ஓடும், மரநிழல் விழும் குளிர்ந்த ஓடை வேண்டும். குஞ்சுப்பருவம் பெரும்பாலும் இரண்டு வருடம் நீருக்குள்ளேயே கழிகிறது, சிறகோடு பறப்பது சில வாரங்களே. அந்த இரண்டு வருடத்தில் கழிவு கலந்து நீரில் பிராணவாயு குறைந்தால் கதை முடிந்தது.

20-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் இதுதான் நடந்தது. கழிவுநீரால் ஆறுகள் கெட்டன, ஓடைகளை நேர்க்கால்வாயாக வெட்டினார்கள், இரண்டு இனங்களும் குறைந்தன. நீர் சுத்தமாகத் தொடங்கிய பிறகு ஸ்ப்ளெண்டென்ஸ் பல ஆறுகளுக்குத் திரும்பியது. இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தால், நீலச்சிறகு வந்துவிட்டது, ஓடையெல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடித்திருப்பார்கள். விர்கோ திரும்புவதற்கு நீர் சுத்தமானால் மட்டும் போதவில்லை. வளைந்து ஓடும் ஓடையும் கரையில் மரமும் தேவைப்பட்டன.