ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும்

நகரத்தார் கோவில்கள் ஒன்பதில் ஒன்று இளையாத்தங்குடியில் இருக்கிறது. சென்ற சித்திரையில் அங்கே போகும்போது நண்பர் ஒருவர் தம் தகப்பனார் காலத்து ஸ்போர்ட்ஸ் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். "ஏர்கண்டிஷன் வைத்த வண்டியாக்கும்" என்ற பெருமை வேறு! விசையைத் திருப்பினார். செங்கல் சூளை வாசலில் உட்கார்ந்தது போல அனல் வீசிற்று.

"போன வருஷந்தானே காஸ் பிடித்தேன்!" என்று திகைத்தார் நண்பர்.

காரைக்குடியில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் சிரித்தார். "அண்ணே, வண்டி ஓடினால் காஸ் நிற்கும், வண்டி நின்றால் காஸ் ஓடிடும்."

வேடிக்கைப் பேச்சு அல்ல. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. பழைய காரிலோ கம்ப்ரஸரின் தண்டு வெளியே வந்து பெல்ட்டினால் சுழல வேண்டும். அந்த வாசலைக் காப்பது ஒரு சின்னஞ்சிறு ஸீல். காஸோடு சுற்றிவரும் எண்ணெய்தான் அதை ஈரமாக வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் வண்டி கொட்டகையில் கிடந்தால் ஸீல் காய்ந்துவிடும். ரப்பர் குழாய்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் கசியவிடும்.

காரில் குளிர்சாதனம் வைத்து முதலில் விற்றது அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனி, 1940-ஆம் வருஷ மாடலில். குளிர் போதுமென்றால் என்ஜினை நிறுத்தி, இறங்கிப்போய், பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1963-இல்தான் அந்தப் பாக்கியம் கிட்டியது. அந்நாளில் இவற்றில் ஓடியது ஃப்ரியான். அதற்கு முன் குளிர்ப்பெட்டிகளில் அடைத்த அம்மோனியா கசிந்தால் மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி ஃப்ரியானை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது, வாசனையும் இல்லை. அதனால் அது போவதும் தெரியவில்லை. கார்க்காரர்கள் குறையக் குறைய நிரப்பிக்கொண்டார்கள். போனது எங்கே என்று கேட்கவில்லை.

1974-இல் மொலினாவும் ரோலண்டும் கேட்டார்கள். அது வானத்தின் உயரத்துக்கு ஏறி, சூரிய ஒளியில் உடைந்து, அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்றார்கள். 1985-இல் தென் துருவத்துக்கு மேலே ஓட்டை விழுந்திருப்பதை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-இல் மான்ட்ரீலில் உடன்படிக்கை ஆயிற்று. 2010-க்குள் நம்மைப் போன்ற நாடுகளும் அந்தக் காஸைக் கைவிட வேண்டும் என்று ஏற்பாடு.

திரும்பும் வழியில் இதையெல்லாம் சொன்னேன். நண்பர் வெகு நேரம் பேசவில்லை.

"அப்பச்சி காலத்தில் போனதும் அங்கேதான் இருக்கா?"

"பெரும்பகுதி இருக்கும். அதற்கு ஆயுள் நூறு வருஷம்."

மறு வாரம் புது ஸீல் போட்டார். ஓசோனைத் தொடாத காஸ் பிடித்தார். பூமியைச் சூடாக்கும் குணம் இதற்கும் உண்டு என்பதால், இதையும் ஓடவிடக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பூட்டிய பெரிய வீட்டின் காவல்காரர், கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் குளிரக் குளிர உட்கார்ந்திருக்கிறார், சம்பளத்தோடு!