கலால்காரர் கையிலிருந்து ஒயின் ஜாடிக்கு

வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் சாற்றில் மிதக்கவிடும் ஹைட்ரோமீட்டரின் பூர்வீகத்தில் ஒயினே கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவின் சிரீன் ஊர்க்காரரான சினீசியஸ், அலெக்சாந்திரியாவிலிருந்த தம் ஆசிரியை ஹைப்பேஷியாவுக்குக் கடிதம் எழுதினார். தம் நேரம் சரியில்லை, எனவே நீரின் எடையைக் காட்டும் குழல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். கெட்ட நேரத்துக்கும் குழலுக்கும் என்ன சம்பந்தமோ! 1121-இல் மெர்வ் நகரத்து அல்-காஸினி இதே கருவியை விவரித்து, பெருமையைப் பாப்பஸ் என்ற கிரேக்கருக்குக் கொடுத்துவிட்டார்.

1675-இல் ராபர்ட் பாயில் இதைக் கள்ளக்காசு பிடிக்கக் கொண்டுவந்தார். மிதவைக்குக் கீழே தங்கக் கினி நாணயத்தைத் தொங்கவிட்டால், போலியின் குட்டு நீரில் வெளிப்பட்டுவிடும். அடுத்த நூற்றாண்டில் ஜான் கிளார்க் செய்த செம்பு மிதவை, சாராயத்துக்கு வரி போடும் கலால்காரர்களிடம் போனது. 1816-இல் அந்த இடத்தைச் சைக்ஸின் கருவி பிடித்தது. இந்தியக் கலால் துறையிலும் அது நெடுங்காலம் புழங்கியது.

பீர் வடிப்பவர்கள் மட்டும் மசியவில்லை. ஆல்டன் ஊரின் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் 1770 வாக்கில் ஹைட்ரோமீட்டரை லண்டனுக்கு எடுத்துப்போனபோது, பெருமுதலாளி விட்பிரெட் ஏளனம் செய்து அனுப்பிவிட்டாராம். போட்டியாளர் த்ரேல்தான் காதுகொடுத்தார். 1784-இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன், இதற்குச் சாக்கரோமீட்டர் என்று புதுப்பெயர் சூட்டிப் புத்தகமே போட்டார். மறுவருடம் பேவர்ஸ்டாக்கும் தம் புத்தகத்தோடு வந்தார்.

சண்டை கிடக்கட்டும், கருவி காட்டிக்கொடுத்ததுதான் சுவையானது. மலிவென்று நம்பி வாங்கிய பழுப்பு மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இறங்கும் சர்க்கரை குறைவு. விலை கூடிய வெளிர் மால்ட்தான் கணக்குக்குக் கட்டியது. எல்லோரும் அதற்கு மாறியதும் போர்ட்டர் பீரின் கருமை போய்விட்டது. எரித்த சர்க்கரையை ஊற்றிச் சமாளித்தார்கள். சட்டம் அதையும் தடுத்தது. 1817-இல் டேனியல் வீலர் மால்ட்டையே கருக வறுத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஸ்டவுட் பீரின் கறுப்பு அந்த வழியில் வந்ததுதான்.

ஜெர்மனியில் பொற்கொல்லர் ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே திராட்சைச் சாற்றுக்கென்றே ஒரு அளவு வகுத்தார், 1.090 அடர்த்தி அங்கே 90 பாகை. பிரிட்டனில் வீட்டு பீருக்கான உரிமக் கட்டாயம் 1963-இல் நீங்கியதும், கலால்காரரின் கருவி அடுப்பங்கரைக்குள் நுழைந்தது.

கணக்கு எளிது. சாற்றின் அடர்த்தி தொடக்கத்தில் 1.090, நொதித்து முடிந்ததும் 0.995 என்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 12.5 சதவீத ஆல்கஹால். ஆனால் அளவு 1.020-இலேயே நின்றுபோனால் அவசரப்பட்டுப் புட்டியில் அடைக்காதீர்கள். மிச்சச் சர்க்கரை உள்ளே மறுபடி நொதித்தால் புட்டி வெடிக்கும்.